புடலைப் பந்தலில் குளவி இல்லை

இயேசு மரி சூசை காக்க

அனுப்புநர்: ராயப்பராஜ், நில அளவையர் (பணி நிறைவு), திண்டுக்கல்.

பெறுநர்: முனைவர் இனிகோ, விலங்கியல் பேராசிரியர், திருச்சி. (என் மனைவியின் ஒரே தம்பி.)

பொருள்: புடலைப் பந்தலில் இருப்பது குளவி அல்ல, அந்துப்பூச்சி என்பது குறித்துக் கடும் ஆட்சேபணை தெரிவித்தல், தொடர்பாக.

பார்வை: தாங்கள் கடந்த ஞாயிறு காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட ஒற்றைச் சொல்.

நாள்: புதன்கிழமை.

மரியாதைக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும், தங்கள் அக்கா புஷ்பமேரியும், எங்கள் மகள் ஷைனியும் ஆண்டவர் இரக்கத்தில் சுகம். அங்கு தங்கள் சுகத்தையும் தங்கள் மனைவி ஜோஸ்பின் சுகத்தையும் கேட்பதுதான் முறை. கேட்பேன். ஆனால் கடிதத்தின் கடைசியில்தான் கேட்பேன். இப்போது எனக்கு இருக்கிற கோபத்தில் கேட்டால் அது நன்றாக இருக்காது.

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பின்புறத்துப் புடலைப் பந்தலில் ஒரு பூச்சியைப் பார்த்தேன். பார்த்தவுடன் எனக்குள் ஏதோ தட்டியது. மறுநாள் காலைப் பூசை முடிந்து வந்த கையோடு அதைப் படம் எடுத்து, 'இது ஓர் அரிய அந்துப்பூச்சி என்று கருதுகிறேன், தங்கள் மேலான கருத்தை எதிர்பார்க்கிறேன்' என்று பணிவாக எழுதிக் குழுவில் போட்டேன். விலங்கியல் படித்து, அதிலேயே டாக்டர் பட்டம் வாங்கி, இருபது வருஷமாக அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிற தாங்கள், ஒரு நிமிஷம் கூட யோசிக்காமல் 'குளவி' என்று போட்டீர்கள். அதோடு விட்டீர்களா? பக்கத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி. மாப்ள, அந்த மூஞ்சியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த ஒரு சொல் இங்கே என்னென்ன செய்தது என்று தங்களுக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷைனிக்கு நிச்சயதார்த்தம். ஆத்தூரிலிருந்து மாப்பிள்ளை ராபின் வீட்டார் நாற்பது பேர் வருகிறார்கள். மண்டபம் எல்லாம் எதற்கு, வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளையின் அப்பா ஆண்டனிராஜ் சொன்னதால், அந்தப் புடலைப் பந்தலின் நிழலில்தான் நாற்காலி போடப் போகிறோம். நிலக்கோட்டையில் பூவுக்கும் சொல்லியாயிற்று. இந்த நேரம் பார்த்துத் தங்கள் அக்கா தங்கள் சொல்லைப் படித்தாள். படித்தவள் அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "பந்தலை இன்னைக்கே வெட்டிச் சாய்ங்க. கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சு, தடை இருந்தா சொல்லுங்கன்னு சாமியார் கேக்குற வரைக்குமெல்லாம் போகாது. ஒரே ஒரு குளவி போதும், சம்பந்தி வீட்டாளுக செருப்பைக் கூடத் தேடாம ஓடிருவாக" என்றாள்.

"அது குளவி இல்ல" என்றேன். "எந்தம்பி குளவிங்கிறான்" என்றாள். "உந்தம்பி திருச்சியில இருக்கான், பூச்சி இங்க இருக்கு." "அவன் டாக்டரு." "நான் சர்வேயரு." இப்படியே பேச்சு ஏறிக்கொண்டே போனது. மதிலுக்கு அந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த சைனம்பு (புடலை விதை கொடுத்ததே இந்தப் பக்கத்து வீட்டுப் புண்ணியவதிதான்) என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். மூன்றாம் ஆள் பார்க்கிற ரோஷத்தில், "அது குளவியா இருந்துச்சுன்னா நான் மீசையை எடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வருஷ மீசை. தங்கள் அக்காவின் கழுத்தில் தாலி கட்டும்போதே இருந்த மீசை. அவள் என்ன செய்தாள்? "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று சொல்லவைத்து, அதைப் பதிவு செய்து குழுவில் போட்டாள். தாங்கள் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள்.

மீசை போனால் போகிறது, அதற்காக நான் எழுதவில்லை. முப்பத்திரண்டு வருஷம் நான் கல் நட்ட இடம்தான் எல்லை. அண்ணனும் தம்பியும் கம்போடு நின்ற எரியோட்டுக் காட்டில்கூட, ராயப்பராஜ் அளந்தாச்சா, அப்பச் சரி என்று கலைந்து போனார்கள். இன்றைக்கு வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுப் பின்புறத்தில், என் கண்ணால் பார்த்த, பெருவிரல் நகம் அளவுப் பூச்சி ஒன்றுக்கு நான் சொல்கிற பேர் செல்லாது என்றால், அப்புறம் நான் எதுக்குய்யா இருக்கேன்? வருத்தமா இருக்கு மாப்ள. சிரிக்காதே.

ஆகவே திங்கட்கிழமை முறைப்படி நேரடி ஆய்வு மேற்கொண்டேன். பந்தலின் நான்கு கால்களையும் நான்கு எல்லைக் கல்லாக வைத்துக்கொண்டேன். நீளம் பதினெட்டு அடி, அகலம் பன்னிரண்டு அடி. நேரம் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை, ஏனென்றால் இது மற்ற அந்துப்பூச்சிகளைப் போல விளக்கைச் சுற்றி வந்து விழுகிற ரகம் இல்லை, வெயில் ஏறினால்தான் வெளியே வரும். சாட்சிக்குச் சைனம்பு மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றார். முதலில் இடுப்பைப் பார்த்தேன். குளவிக்கு இடுப்பு நூலாக இருக்கும், இதற்கு இடுப்பே கிடையாது, என்னைப் போல மேலும் கீழும் ஒரே சுற்றளவு. வாயைப் பார்த்தேன். குளவிக்குக் கடிக்கிற தாடை, இதற்குச் சுருட்டி வைத்த நாக்கு, பூவில் உட்கார்ந்ததும் அதை நீட்டி உறிஞ்சியது. பின்னங்கால் இரண்டிலும் பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி அடர்த்தியாக மயிர். சிறகு மட்டும் கண்ணாடி போல இருக்கிறது, அதில்தான் படித்தவர்கள் எல்லாம் ஏமாறுகிறார்கள். ஒன்றை டம்ளரால் மூடிப் பிடித்துச் செத்த நேரம் கழித்து விட்டேன். டம்ளரின் உள்பக்கம் மாவு மாதிரி ஒட்டியிருந்தது. செதில்! கூட்டை விட்டு வரும்போது சிறகெல்லாம் செதிலாக இருக்குமாம், பறக்க ஆரம்பித்ததும் நடுவில் இருப்பது உதிர்ந்து கண்ணாடி ஆகிவிடுமாம், ஓரத்துச் செதில் மட்டும் நிற்குமாம். மாவட்ட நூலகத்தில் மூன்று தடவை புதுப்பித்து வைத்திருக்கிற புத்தகத்தில் இருக்கிறது, வேண்டுமானால் பக்க எண் தருகிறேன்.

இன்னும் கேளுங்கள். புடலைத் தண்டில் அங்கங்கே முட்டி மாதிரி முண்டு முண்டாக வீங்கியிருந்தது. ஒன்றைப் பிளேடால் கீறினேன். உள்ளே வெள்ளைப் புழு, காப்பிக் கலர் தலை, தண்டின் சோற்றைத் தின்றுகொண்டு சௌக்கியமாகப் படுத்திருந்தது. அடுத்த முண்டில் ஒரு ஓட்டை, அந்த ஓட்டையில் கூட்டுப்புழுவின் காய்ந்த தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நம்ம ஊருக் குளவி எந்தக் காலத்துலய்யா புடலைத் தண்டுக்குள்ள பொறந்துச்சு? அந்தத் தோலைப் பஞ்சு வைத்துத் தீப்பெட்டியில் போட்டு இத்துடன் இணைத்திருக்கிறேன். திறக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறக்கவும்.

வகைப்பாடு என்று தாங்கள் ஒரு பெரிய வார்த்தை சொல்வீர்கள். எனக்கு அது புதிது இல்லை. மாவட்டம், வட்டம், பிர்கா, கிராமம், புல எண், உட்பிரிவு. அம்புட்டுத்தான் விஷயம். செதிலிறகிகள் என்கிற வரிசை மாவட்டம். வண்ணத்துப்பூச்சியும் அந்துப்பூச்சியும் அதற்குள் வரும். அதில் கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சிகள் என்கிற குடும்பம் ஒரு வட்டம். அதற்குக் கீழே பேரினம், சிற்றினம். வட்டம் வரைக்கும் நான் அளந்து கல் நட்டுவிட்டேன், உட்பிரிவு எண் கொடுப்பதுதான் தங்கள் வேலை. குளவி இருப்பது வேறு வரிசையில், எறும்போடும் தேனீயோடும். தாங்கள் செய்தது என்ன என்றால், திண்டுக்கல்லில் இருக்கிற நிலத்துக்குத் தேனியில் பட்டா கொடுத்திருக்கிறீர்கள். என் காலத்தில் இதற்குச் சஸ்பெண்ட் செய்வார்கள்.

அது ஏன் குளவி வேஷம் போடுகிறது என்று தங்கள் அக்கா கேட்டாள். பிழைக்கத்தான் போடுகிறது, பாவம். முள் கிடையாது, விஷம் கிடையாது, கடிக்கப் பல் கிடையாது. குளவி மாதிரி உடுத்திக்கொண்டு குளவி மாதிரி ரீங்காரம் போட்டால் குருவியும் ஓணானும் எதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போய்விடும். ஆளும் ஒதுங்கிப் போவதால்தான் இதைப் பார்த்தவர்கள் குறைவு, அரிய பூச்சி என்று புத்தகத்தில் ஏறியிருக்கிறது. பெட்டை ஒரு வாசனை விடும், எங்கோ இருக்கிற ஆண் அந்த வாசனையைப் பிடித்துத் தேடி வரும், நாற்காலி, பூ, பந்தி எதுவும் இல்லாமல் நிச்சயமும் கல்யாணமும் ஒரே மத்தியானத்தில் முடிந்துவிடும். அந்தப் பக்கத்திலேயே இன்னொரு வரியும் இருந்தது. வேஷம் போடுகிற பூச்சி இருக்கிற இடத்தில் அசல் பூச்சியும் இருக்கும், அசலிடம் கொட்டு வாங்கிய குருவிதான் நகலைக் கண்டு பயப்படும் என்று. அது பொதுவாகச் சொன்னது, நம் பந்தலுக்குப் பொருந்தாது என்பதால் நான் குறித்துக்கொள்ளவில்லை.

இவ்வளவையும் ஒன்றரை மணி நேரம் விளக்கிச் சொன்ன பிறகு தங்கள் அக்கா, "அப்ப இது புடலையைத் திங்கிற பூச்சியா? அதான் ஒரு பிஞ்சு கூட நிக்கலையா? வெஞ்சனத்துக்கு ஒரு காய் இல்ல, பூச்சிக்குப் பந்தல் போட்டு வளக்குறீங்களா?" என்று கேட்டாள். புடலங்காய் சந்தையில் கிடைக்கும், இந்தப் பூச்சி கிடைக்குமா? கேட்டேன். அதற்கப்புறம் இரண்டு வேளை காப்பி இல்லை.

செவ்வாய்க்கிழமை என்னிடம் சொல்லாமல் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள். நம்ம பக்கம் குளவிக் கூடு என்றால் அவர்களைக் கூப்பிடுவதுதானே வழக்கம். கருப்புசாமி என்று ஒரு தம்பி வந்தார், தங்கமான பையன். பந்தலுக்கு அடியில் படுத்துக்கூடப் பார்த்தார். "சார், கூடு எங்க இருக்கு?" என்றார். "கூடே கிடையாது, அது தண்டுக்குள்ள பொறக்குது" என்றேன். "கூடு இல்லாம நாங்க எதைச் சார் எடுக்குறது?" என்றார். பார்த்தீர்களா! அரசு ஊழியர் ஒருவர் நேரில் வந்து, பார்த்து, கூடு இல்லை என்று சொல்லியாயிற்று. போகும்போது மட்டும், "எதுக்கும் அந்தக் குளியலறை சன்ஷேடுக்கு அடியில ஒருக்கா பாத்துரட்டுமா சார், அங்கிட்டு என்னமோ போக்குவரத்து இருக்கு" என்று கேட்டார். சன்ஷேடு பந்தலின் தென்மேற்குக் காலிலிருந்து நான்கு அடி தள்ளி இருக்கிறது. அது என் ஆய்வு எல்லைக்கு வெளியே. எல்லைக்கு வெளியே இருப்பதைப் பற்றி நான் என்றைக்குமே கருத்துச் சொன்னதில்லை. டீ கொடுத்து அனுப்பிவைத்தேன்.

அன்று சாயங்காலம் ஷைனி வேலை முடிந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன வருஷம் ஒரு வரன் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ரோட்டோரம் இரண்டு ஏக்கர் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா பெருமை பேசிக்கொண்டிருந்தபோது, வாயில் பஜ்ஜியோடு, அதில் முக்கால் ஏக்கர் ஓடைப் புறம்போக்கு என்று உண்மையைச் சொன்னேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். ஷைனி அதைத்தான் ஆரம்பித்தாள். "அப்பா, அன்னைக்கும் நீங்க சொன்னதுதான் சரி. நான் உங்கள ஒண்ணும் சொல்லல. ஆனா ராபினை எனக்குப் பிடிச்சிருக்குப்பா. உங்க பூச்சி ஜெயிக்கட்டும். கூடவே நானும் ஜெயிக்கணும்ல?" என்றாள். அரிவாளைத் தேடி எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனேன் என்பதைத் தங்களிடம் மறைக்கவில்லை. தண்டைப் பிடித்தேன். முண்டுக்குள் அந்தப் புழு அசைவது விரலுக்குத் தெரிந்த மாதிரி இருந்தது. வெட்டவில்லை. வெட்டினால் அது குளவி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். பொண்ணுக்காக எதை வேண்டுமானாலும் விடுவேன் மாப்ள, உள்ளதை இல்லைன்னு சொல்ல மட்டும் என்னால ஆகாது.

எனவே என் முடிவைத் தெரிவித்துக்கொள்கிறேன். பந்தல் நிற்கும். அதன் அடியில்தான் நிச்சயதார்த்தம் நடக்கும். தாங்கள் 'குளவி' என்ற சொல்லைக் குழுவிலேயே வாபஸ் வாங்க வேண்டும், சிரிக்கிற மூஞ்சியைத் தனியாக வாபஸ் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமன் என்ற முறையில் ஷைனிக்கு மாலை போடுவதற்கு முன்னால், நாற்பது பேர் கேட்க, 'இது கண்ணாடிச் சிறகு அந்துப்பூச்சி, மச்சான் சொன்னதே சரி' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், எழுத்திலும் ஒரு சான்றிதழ் தர வேண்டும். இது முடியாது என்றால் தாங்கள் வரவே வேண்டாம். தங்களிடம் எனக்கு வேறு எந்த உதவியும் தேவையில்லை. மாமன் மாலையையும் நானே வாங்கி நானே அவளுக்குப் போட்டுவிடுவேன், ஊர் என்ன சொன்னாலும் சரி.

இப்போது சுகம் கேட்கிறேன். ஜோஸ்பினுக்கு முழங்கால் வலி தேவலையா? தங்களுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியார், திருச்சியில் தாங்கள் தொலைத்த கண்பார்வையையும் தேடித் தரட்டும். மாதா தங்கள் இருவரையும் எந்த விஷப்பூச்சியும் அண்டாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
எல்லையை விட்டு ஓர் அங்குலமும் நகராத,
ராயப்பராஜ்

இணைப்பு: பூச்சியின் அளவுப்படம் ஒன்று. தீப்பெட்டி ஒன்று. சாட்சி சைனம்புவின் கையெழுத்து ஒன்று ('பார்த்தேன், ஆனால் தூரத்திலிருந்து' என்று அவரே சேர்த்துக்கொண்டார், பொருட்படுத்த வேண்டாம்).

பின்குறிப்பு (வியாழன் சாயங்காலம்):

மாப்ள, உறையை ஒட்டிட்டு மறுபடி பிரிச்சு எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காதே, வலது கண்ணு சரியாத் தொறக்கல. இன்னைக்குக் காலையில சம்பந்தி ஆண்டனிராஜ், நாற்காலி போடுற இடத்தைப் பாக்க வந்தாரு. பந்தலை அண்ணாந்து பாத்த ஒடனே, "அட, இந்த முண்டு வைக்கிற பூச்சி எங்க தோட்டத்துப் புடலையிலயும் வருமே. குளவி மாதிரி மெரட்டும், ஆனா கொட்டாது" அப்படின்னாரு. யாரும் கேக்காம, அவராச் சொன்னாரு! எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்தச் சந்தோசத்துல, இந்தா நிரூபிச்சே காட்டுறேன் சம்பந்தின்னு, எல பின்னால ஒக்காந்திருந்த ஒண்ணை வெறுங்கையில புடிச்சு, இடுப்பு இல்லைங்கிறதைக் காட்ட மூஞ்சிகிட்ட கொண்டு போனேன்.

இடுப்பு இருந்துச்சு மாப்ள. நூலாட்டம்.

மேல் உதட்டுல, மூக்குக்கு நேர் கீழ கொட்டிருச்சு. தெருமுனைக் கிளினிக்குல நர்ஸம்மா, மருந்து போட எடமில்லன்னு மீசையில வலது பாதியை வழிச்சு எடுத்துட்டாங்க. கருப்புசாமியைத் திரும்பக் கூப்பிட்டு, சன்ஷேடுக்கு அடியில இருந்த கூட்டை எடுத்தாச்சு, ஒரு தேங்காய் அளவு இருந்துச்சு. அப்புறம் ஷைனி, நான் ஒனக்கு அனுப்புன படத்தைப் பெருசு பண்ணிக் காட்டுனா. சனிக்கிழமை நான் பாத்தது அந்துப்பூச்சி. ஞாயித்துக்கிழமை நான் படம் எடுத்தது குளவி. நீ சொன்னது சரிதான். இதைக் குழுவுல போட்டுராதே.

சம்பந்தி ஓடலப்பா. அவரு துண்டை நனைச்சு என் ஒதட்டுல வச்சுக்கிட்டு, ஷைனியப் பாத்து, "இம்புட்டு அடம் புடிக்கிற ஆளு மகளா நீயி? அப்ப எம்மகன் தப்பிச்சான், ஒழுங்கா இருப்பான்"னு சொல்லிச் சிரிச்சாரு. பந்தல் இருக்கட்டும்னுட்டாரு. ஒங்கக்கா காப்பி போட்டுக் குடுத்துட்டா, என்னால ஒரு பக்கமாத்தான் குடிக்க முடிஞ்சுச்சு.

இடது பாதி மீசை இருக்கு. அது அந்துப்பூச்சிக்கு உண்டான பாதி, அதை எவன் சொன்னாலும் எடுக்க மாட்டேன். ஆனா நாப்பது பேர் முன்னால பாதி மீசையோட எப்படி நிக்கிறது? வாபஸ் வேணாம், சான்றிதழ் வேணாம். நீயும் ஜோஸ்பினும் சனிக்கிழமையே வந்துருங்க. வர்றப்ப அங்க நாடகச் சாமான் விக்கிற கடையில ஒட்டு மீசை ஒண்ணு, லேசா நரை கலந்தாப்புல, வாங்கிட்டு வா. கொட்டத் தெரியாதவன் நாலு பேர் நடுவுல நிக்கணும்னா ஒரு வேஷம் வேணும்ல மாப்ள.